ஆள் சேர்க்கும்போதே உள்ளதைச் சொல்வோம்

நம் வட்டாரத்து வணிகர்கள் இருவர் சந்தித்தால் முதலில் ஜி.எஸ்.டி.யைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்தது ஆள் பஞ்சம்தான். ராயபுரத்தில் தொடங்கித் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வரையில் எந்தக் கடைவீதியில் நடந்தாலும் "ஆட்கள் தேவை" என்ற அட்டை தொங்குகிறது. சில கடைகளில் அது வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போன பிறகும் தொங்குகிறது. இதிலிருந்து ஆள் கிடைக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் நம் கடைகளின் சம்பளப் புத்தகங்களைப் புரட்டினால் வேறு செய்தி கிடைக்கும். ஆள் வருகிறான். பத்து நாள், இருபது நாள் இருக்கிறான். பிறகு "ஊரில் பாட்டிக்கு உடம்பு சரியில்லை" என்று போகிறவன் திரும்புவதில்லை. அந்தப் பாட்டிக்கு வருடத்தில் எத்தனை தடவை உடம்பு சரியில்லாமல் போகிறது என்று கணக்குப்பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

வந்தவன் ஏன் நிற்கவில்லை? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாது, கையில் செல்போன் வந்தபின் வேலையில் புத்தி நிற்காது என்று சொல்லிக்கொள்கிறோம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். நாம் கண்டவரையில் பெரிய காரணம் வேறு. சேரும்போது அவனிடம் சொன்ன வேலை ஒன்று, சேர்ந்தபின் அவன் பார்க்கிற வேலை ஒன்று.

நமது நெருக்கடியும் புரியாததல்ல. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., மணலியில் சி.பி.சி.எல். என்று பெரிய ஆலைகள் நம்மைச் சுற்றி நிற்கின்றன. தெற்கே சென்னைத் துறைமுகம், வடக்கே காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும். ஆலை கேட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக நிற்பவனுக்குக்கூட ஷிப்டு முடிந்தால் விடுதலை. நம் கடையில் ஷட்டர் இறங்கினால்தான் விடுதலை. இந்த ஆலைகளோடு போட்டி போட வேண்டியிருப்பதால், ஆளைக் கூப்பிடும்போது நாலு வார்த்தை கூட்டிச் சொல்கிறோம். "எட்டு மணி நேர வேலைதான் தம்பி", "பில் போடுகிற வேலை, கம்ப்யூட்டரிலே உட்கார்ந்திருக்கலாம்", "ரூம், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ". ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்து என்ற பழமொழியை ஆள் சேர்ப்பதற்கும் எடுத்துக்கொண்டோம். கல்யாணத்துக்குச் சரி, தாலி கட்டியபின் அவ்வளவு சுலபமாகப் பிரிய முடியாது. கடைப் பையனுக்கு அந்தக் கட்டு ஏது? சென்ட்ரலுக்குப் பஸ் ஏறினால் முடிந்தது.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. சரக்கு வாங்கும்போது நாம் யாருடைய வாய்ச்சொல்லையும் நம்புவதில்லை. மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் கொட்டி, ஊதிப் பார்த்து, கடித்துப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம். மேல் மூட்டை ஒரு ரகம், அடி மூட்டை ஒரு ரகமாக இருந்தால் லாரியோடு திருப்பி அனுப்புகிறோம். அந்த மண்டிக்காரரோடு மறுபடி கணக்கு வைத்துக்கொள்வதில்லை. நம் வேலையை ஒருவனுக்கு விற்கும்போது மட்டும் மேல் மூட்டையை மட்டும் காட்டுவது என்ன நியாயம்?

சில வருடங்களுக்கு முன் நம் பகுதியில் நடந்ததைச் சொல்கிறோம். கடைப் பெயர் வேண்டாம். தென்மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் ஒருவனை "பில்லிங் வேலை" என்று சொல்லி அழைத்து வந்தார்கள். வந்த மறுநாளிலிருந்து கிடங்கில் லோடு இறக்கும் வேலை. தங்கும் அறை என்றது அந்தக் கிடங்கின் மேல்தளத்து மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே. ஒரு வாரம் இருமிக்கொண்டே இருந்தான். இரண்டாவது வாரம் மூட்டை சரிந்து கால்விரல் நசுங்கியது. ஸ்டான்லியில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவன் அன்று இரவே, பத்தாம் வகுப்புச் சான்றிதழை முதலாளியின் மேசையிலேயே விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தான். சம்பளமும் கேட்கவில்லை. அவனுடைய அப்பா பிறகு வந்து சான்றிதழுக்காகக் கடை வாசலில் இரண்டு நாள் நின்றார். சண்டை போடவில்லை. கும்பிட்டபடி நின்றார். அதைப் பார்த்தவர்கள் நம் தெருவில் பலர். அந்த ஊரிலிருந்து அதற்கு முன் வருடத்துக்கு நாலைந்து பிள்ளைகள் நம் தெருக் கடைகளுக்கு வருவது வழக்கம். அதன்பின் ஒருவர்கூட வரவில்லை. பொய் சொன்னது ஒரு கடை, ஆள் வரத்து நின்றது தெருவுக்கே.

இந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. லாரியில் இரண்டு மூட்டை நனைந்து வந்தால் அன்றே டெபிட் நோட் போடுகிறோம். ஒரு ஆள் பதினைந்தாம் நாள் ஓடிப்போனால் தலையை மட்டும் சொறிகிறோம். அழைத்துவந்த ஏஜெண்டுக்குக் கமிஷன், ரயில் சார்ஜ், பாய் தலையணை, பதினைந்து நாள் சாப்பாடு. இவை கண்ணுக்குத் தெரிந்த செலவு. சரக்கு எந்த அடுக்கில், எந்தப் பருப்புக்கு என்ன குறியீடு, எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை நாள் கடன் என்று புதியவனுக்குக் காட்டிக்கொடுத்த பழைய ஆளின் நேரம் கண்ணுக்குத் தெரியாத செலவு. அதே பாடத்தை மாதந்தோறும் வேறு வேறு பையனுக்குச் சொல்லிக்கொடுத்துச் சலித்துப்போன பழைய ஆளும் ஒருநாள் கிளம்பிவிடுகிறான். அப்போதுதான் நமக்கு வலிக்கிறது.

பொய் சொல்லி ஆள் சேர்ப்பது நம் கடற்கரைக்குப் புதிய சங்கதியும் அல்ல. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. அந்த நாளில் நமக்குத் துறைமுகச் சுவர் கிடையாது. மசூலா படகில் அலையைத் தாண்டிப் போய்த்தான் கப்பலில் ஏற வேண்டும். கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற அவர்கள் நவம்பர் 16ஆம் தேதி டர்பனில் இறங்கினார்கள். ஒப்பந்தம் முடிந்து முதல் கூட்டம் 1871ல் சென்னைக்குத் திரும்பியபோது, சும்மா ஊருக்குப் போய்விடவில்லை. கூலியைப் பிடித்தார்கள், வராத நாளுக்கு அபராதம் போட்டார்கள், அடித்தார்கள், சொன்னது ஒன்று செய்தது ஒன்று என்று இங்கிருந்த அதிகாரிகளிடம் வாக்குமூலம் கொடுத்தார்கள். இந்திய அரசாங்கம், விசாரித்துச் சரிசெய்யும் வரை இனி ஆள் அனுப்ப முடியாது என்று நிறுத்திவைத்தது. நேட்டால் தோட்டக்காரர்கள் கரும்பு வெட்ட ஆளில்லாமல் தவித்தார்கள். 1872ல் அங்கே ஒரு விசாரணைக் கமிஷன் போட்டு, இந்தியத் தொழிலாளருக்கென ஒரு பாதுகாவலரை நியமிக்க ஒப்புக்கொண்ட பிறகு 1874ல்தான் மறுபடி கப்பல் போனது. கடல் தாண்டிப் போனவன் திரும்பி வந்து பேசவே பத்து வருடம் பிடித்த காலத்திலேயே அந்தக் கதி. இன்று நம் கடைப் பையன் கிடங்கின் மூலையில் நின்று ஒரு வீடியோ எடுத்தால், இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவன் ஊரே பார்த்துவிடுகிறது.

தரகர் விஷயமும் பழையதுதான். பிரிட்டிஷ் அரசாங்கம் 1929ல் நியமித்த விட்லி கமிஷன் நாடு முழுவதும் ஆலைகளைச் சுற்றிப் பார்த்து, 1931ல் கொடுத்த அறிக்கையில் மேஸ்திரிகளின் கையில் ஆள் சேர்ப்பை விடக்கூடாது என்று எழுதியது. வேலைக்கு வருபவனிடம் மேஸ்திரி பணம் வாங்குகிறார், வேலையில் இருப்பவனிடமும் வாங்குகிறார், அதனால் அடிக்கடி ஆள் மாறுவதே அவருக்கு லாபம் என்பது காரணம். இன்றைய ஏஜெண்டுகளில் நல்லவர்கள் இல்லாமலில்லை. ஆனாலும் ஒரு தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குபவருக்கு, ஆள் நிலைத்து நிற்பதில் என்ன அக்கறை இருக்க முடியும்? பீகாரிலோ ஒடிசாவிலோ அவர் நம் பெயரைச் சொல்லி என்ன வாக்குக் கொடுத்தார் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அந்த வாக்கை மீறியவர் என்ற பெயர் நமக்குத்தான் வரும். ஆகவே ஏஜெண்ட் மூலம் வந்தாலும், ரயில் ஏறுவதற்கு முன் அந்தத் தம்பியோடு போனில் நேரடியாகப் பேசிவிட வேண்டும். நமக்கு இந்தி வராவிட்டால் நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் அவன் ஊர்க்காரனைப் பேசச் சொல்லலாம். "உன்னிடம் யாராவது பணம் வாங்கினார்களா?" என்றும் கேட்டுவிட வேண்டும்.

2023 மார்ச் மாதம் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. அவை பொய் என்று காவல்துறை அறிவித்தது. பீகாரிலிருந்தே அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. ஹோலியும் அந்த வாரத்தில் வந்ததால், பண்டிகைக்குப் போகிறவன் யார், பயந்து போகிறவன் யார் என்று பிரித்தறிய முடியாமல் கடைகள் திணறின. அந்த நாட்களில் நாம் கவனித்தது ஒன்று. முதலாளி இதற்கு முன் தன்னிடம் பொய் சொன்னதில்லை என்று தெரிந்த ஆள், வீடியோவைக் கொண்டுவந்து முதலாளியிடமே காட்டி "இது நிஜமா அண்ணாச்சி?" என்று கேட்டான். மற்றவன் கேட்கவில்லை, பையைக் கட்டினான்.

வெளிநாட்டில் இதையெல்லாம் பரீட்சை வைத்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜோசப் வைட்ஸ் என்பவர் 1956ல் வெளியிட்ட ஆய்வில், ஆயுள் காப்பீட்டு ஏஜெண்டாகச் சேர வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த வேலையின் அன்றாடப் பாட்டை உள்ளது உள்ளபடி எழுதிய சிறு புத்தகத்தைக் கொடுத்தார். அதைப் படித்துவிட்டுச் சேர்ந்தவர்களில் விலகிப் போனவர்கள் குறைவு. 1973ல் ஜான் வானூஸ் என்பவர் ஒரு டெலிபோன் கம்பெனியில் ஆபரேட்டர் வேலைக்கு வந்த பெண்களுக்கு இரண்டு விதப் படங்களைக் காட்டினார். ஒன்று வழக்கமான விளம்பரப் படம். மற்றது வேலையின் சலிப்பு, மேற்பார்வையாளரின் கெடுபிடி எல்லாவற்றையும் காட்டும் படம். இரண்டாவதைப் பார்த்ததனால் வேலையே வேண்டாமென்று ஓடியவர்கள் அதிகமில்லை. சேர்ந்தபின் விட்டுவிடலாமா என்ற எண்ணம் அவர்களுக்குத்தான் குறைவாக வந்தது. பின்னாளில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், இந்த முறையால் கிடைக்கும் பலன் சிறிதுதான் என்று சொன்னார்கள். சிறிதாகவே இருக்கட்டும். கிலோவுக்கு ஐம்பது காசு நிற்கிறதா என்று பார்த்து வியாபாரம் செய்கிறவர்கள் நாம். சிறிய லாபத்தை வேண்டாமென்று தள்ளுகிறவர் நம்மில் யார்?

சரி, எதைச் சொல்வது? நல்லதை எல்லோரும் சொல்லிவிடுகிறோம். கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். அதுவும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "கொஞ்சம் கஷ்டமான வேலைதான்" என்றால் அவன் காதில் எதுவும் விழாது. காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும், லோடு வந்தால் இரவு எத்தனை மணி ஆகும், மாதத்தில் அப்படி எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். சரக்கு இறக்குவது அவன் வேலையா, லோடுமேன்கள் வேலையா என்பதைச் சொல்ல வேண்டும். மூட்டை எத்தனை கிலோ என்பதைச் சொல்வதோடு, ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்க்கவும் சொல்லலாம். (25 கிலோ அரிசிப் பை 26 கிலோவான கதை நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.) மிளகாய், மல்லி கிடங்கு என்றால் தும்மலும் கண் எரிச்சலும் உண்டு. மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே நிற்க முடியாது. டிசம்பர் மழையில் தண்ணீர் உள்ளே வந்தால் நடுராத்திரியில் மூட்டையை மேலடுக்குக்கு மாற்ற வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் டெலிவரி வண்டி ஓட்டுகிறவனுக்குக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்ட வேண்டியிருக்கும் என்பதை முதல் நாளே சொல்ல வேண்டும். கழிப்பறை எங்கே என்று காட்ட வேண்டும், முக்கியமாகப் பெண்களுக்கு. பக்கத்துக் கடையோடு சேர்ந்த கழிப்பறை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே மரியாதை.

ஆபத்தான இடங்களைப் பற்றி இன்னும் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 30ஆம் தேதி எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து, வடகிழக்கிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளர் 9 பேர் இறந்தார்கள். அதன்பிறகு எண்ணூர் என்ற பெயரைக் கேட்டாலே ஊரில் தாய் தகப்பனுக்குப் பயம் வருமா வராதா? நம் கடை வேறு, அந்த வேலை வேறு என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? உயர அடுக்கில் ஏற வேண்டுமா, லிஃப்ட் இருக்கிறதா, அடிபட்டால் யார் செலவு என்று அந்தப் பெற்றோரிடமே போனில் பேசிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

சம்பளத்தைப் பற்றிப் பேசும்போதுதான் நம்மில் பலருக்கு நாக்கு குழறுகிறது. கையில் எவ்வளவு வரும், எந்தத் தேதியில் வரும், சாப்பாட்டுக்குப் பிடித்தம் உண்டா, சரக்கு உடைந்தால் அவன் தலையில் எழுதப்படுமா, தீபாவளிக்கு என்ன, பொங்கலுக்கு எத்தனை நாள் லீவு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். பேச்சு மறந்துபோகும், தாள் மறக்காது.

இந்த இடத்தில் சகோதர வணிகர்களுக்குக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதும், ஆதார் அட்டையையும் பள்ளிச் சான்றிதழையும் மேசைக்குள் பூட்டி வைத்துக்கொள்வதும் நம்மிடையே பலகாலப் பழக்கம். "பிடிமானம் இல்லாவிட்டால் ஓடிவிடுவான்" என்பது சமாதானம். பிடிமானம் வைத்த கடைகளில் ஆள் ஓடவில்லையா? மேலே சொன்ன பையன் சான்றிதழையே விட்டுவிட்டுத்தானே போனான். அடையாளத்துக்கு நகல் எடுத்துக்கொண்டு அசலை அவன் கண்முன்னே திருப்பிக் கொடுங்கள். தன் அசலைத் திருப்பிக் கொடுத்த முதலாளியை எந்தத் தாயும் தன் பிள்ளைக்குத் தவறாகச் சொல்லமாட்டாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. நம் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பதே வழக்கமான வேலை நேரம், வாரத்தில் ஒருநாள் விடுமுறை உண்டு. தொடர்ந்து 6 மாதம் வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீசோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நிறுத்த முடியாது. 2021ல் வந்த திருத்தத்தின்படி ஊழியர் உட்கார இருக்கை போட வேண்டும். கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் போராடி முதலில் பெற்றது அது, அடுத்து நாம். 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்று பேர் வைத்திருக்கும் சிறு கடைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலும் யாரும் தடுக்கப் போவதில்லை.

எங்கள் கடையில் கடைப்பிடிக்கும் முறை இது. வேலை கேட்டு வருகிறவனை முதலில் ஒருநாள் சும்மா இருந்து பார்க்கச் சொல்கிறோம். லோடு வரும் நாளாகப் பார்த்துத்தான் வரச்சொல்வோம், ஓய்வான நாளில் அல்ல. அன்று மத்தியானம் பழைய ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிடுவான். நாம் அந்தப் பக்கம் போவதில்லை. நாம் சொல்லாமல் விட்டதை அவர்கள் சொல்லிவிடுவார்கள், நம் கோபதாபம் உட்பட. மாலையில் பிடித்திருந்தால் சேரலாம், இல்லாவிட்டால் அன்றைய கூலியும் பஸ் சார்ஜும் வாங்கிக்கொண்டு போகலாம். போனவர்களும் உண்டு. அவர்களில் ஒருவன் போகும்போது, "எனக்கு ஒத்துவராது, என் அத்தை பையனுக்கு ஒத்துவரும்" என்று சொல்லி அவனை அனுப்பிவைத்தான். அந்த அத்தை பையன்தான் இன்று எங்கள் சரக்கு இருப்புக் கணக்கைப் பார்க்கிறான்.

சேர்ந்த முதல் வாரம்தான் கண்டம். வேலை பழகவில்லை என்பதைவிட, யாரிடம் கேட்பது என்று தெரியாமல்தான் புதியவன் தவிக்கிறான். ஒரு பழைய ஆளைக் காட்டி "இவர்தான் உனக்கு, எதுவென்றாலும் இவரைக் கேள்" என்று சொல்லிவிட வேண்டும். அந்தப் பழைய ஆளுக்கும் இதற்கென்று ஏதாவது கொடுக்க வேண்டும், சும்மா சுமத்தக்கூடாது. முதல் வாரத்தில் தவறு செய்தால் வாடிக்கையாளர் முன்னால் திட்டுவதில்லை என்பது எங்கள் கடையில் விதி. அரிசி, மீன் இரண்டும் நம்மூர்ச் சாப்பாடு. ரொட்டி தின்று வளர்ந்தவனுக்கு வாரத்தில் இரண்டு நாள் ரொட்டி போட்டால் கடை முழுகிவிடாது. சனிக்கிழமை மாலை கூப்பிட்டு, "நாங்கள் சொன்னதற்கும் நீ பார்த்ததற்கும் என்ன வித்தியாசம்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். முதலில் சிரித்துக்கொண்டு ஒன்றுமில்லை என்பான். இரண்டாவது சனிக்கிழமை சொல்வான்.

"உள்ளதையெல்லாம் சொன்னால் ஒருத்தனும் வரமாட்டான், கடையை நீங்களே நடத்துங்கள்" என்று இதைப் படிக்கும் நண்பர்களில் சிலர் சொல்வார்கள். நேரிலும் சொல்லியிருக்கிறார்கள். வருகிறவர் எண்ணிக்கை முதலில் குறையத்தான் செய்யும். பத்துப் பேர் வந்து ஒன்பது பேர் ஓடுவதற்குப் பதில் மூன்று பேர் வந்து இரண்டு பேர் நின்றால் எந்தக் கடை நடக்கும் என்று அவர்களே கூட்டிப் பார்க்கட்டும். இன்னொன்றும் உண்டு. உள்ளதைச் சொல்ல வாய் கூசுகிற அளவுக்கு ஒரு வேலை இருந்தால், சொல்லும் விதத்தை மாற்றிப் பயனில்லை, வேலையைத்தான் மாற்ற வேண்டும். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே படுக்கை என்பதை எழுதிக் கொடுக்க எந்த முதலாளிக்கும் மனம் வராது. எழுத உட்கார்ந்தால் படுக்கையை வேறு இடத்துக்கு மாற்றத் தோன்றும்.

நம் சங்க அலுவலகத்தில், வேலை விவரம் எழுதிக் கொடுப்பதற்கான ஒரு பக்கத் தாளைத் தமிழிலும் இந்தியிலும் அச்சடித்து வைத்தால் எல்லோருக்கும் உதவும். மளிகைக்கு ஒரு விதம், இரும்புக் கடைக்கு ஒரு விதம், காசிமேட்டு மீன் வியாபாரத்துக்கு ஒரு விதம் என்று எழுத வேண்டியிருக்கும். பனிக்கட்டியில் கைவைத்து வேலை செய்வதன் கஷ்டம் பருப்பு வியாபாரியான நமக்கு எழுத வராது. ஆகவே அந்தந்தத் தொழிலில் இருப்பவர்கள், தங்கள் கடை ஆட்களையும் கேட்டு, அடுத்த மாதக் கூட்டத்துக்குள் பத்து வரி எழுதிச் செயலாளரிடம் கொடுத்தால் போதும். கையெழுத்து எப்படியிருந்தாலும் பரவாயில்லை.